4294967297 பகா எண்ணா? என் நிரல் "ஆம்" என்கிறது, பெருக்கிப் பார்த்தால் "இல்லை" என்று வருகிறது

சங்கிலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஒரே எண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன். 2-ஐ 32 தடவை பெருக்கி அதோடு 1 கூட்டினால் வரும் எண்: 4294967297.

இதற்கு முன்னால் வரும் இரண்டு எண்களும் பலருக்குப் பழக்கமானவை. 4294967296 என்பது 32 பிட்டில் எழுதக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கை. இணையத்தின் பழைய வகை ஐபி முகவரிகள் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி கேட்ட கதை தெரியும் அல்லவா, அதில் பலகையின் முதல் பாதியில் மட்டும் சேரும் மணிகள் 4294967295. நம் எண் இவை இரண்டையும் தாண்டி நிற்கிறது.

பகா எண்களைக் கண்டுபிடிக்கப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்துத்தான். ந ஓர் ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2^(ந−1)-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 4294967297-ஐக் கொடுத்தேன். மீதி 1. "பகா எண்" என்று அச்சிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு புத்தகத்தில் 641 × 6700417 என்று பார்த்தேன். தாளில் பெருக்கிப் பார்த்தேன், அப்படியே 4294967297 வருகிறது. என் நிரலில் எங்கே பிழை?

மீதி_பூச்சியம்

தம்பி, நிரலில் பிழை இல்லை. எந்த எண்ணை வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். நீங்கள் சொன்ன தேற்றம் ஒரு பக்கம்தான் போகும். பகா எண் என்றால் மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்ததால் அது பகா எண் ஆகிவிடாது. 341 = 11 × 31, அதுவும் 2-ஐ வைத்துச் சோதித்தால் தப்பிவிடும். இப்படித் தப்பிப்பவற்றைப் போலிப் பகா எண்கள் என்பார்கள்.

உங்கள் எண் தப்பித்ததற்குத் தனிக் காரணமே இருக்கிறது. ந = 2³² + 1 என்பதால், 2³²-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம் (அதாவது ந-இன் மடங்குக்கு 1 குறைவு). இருமடங்கு அடுக்கு எடுத்தால் 2⁶⁴-இன் மீதி 1. இப்போது ந−1 என்ன? 2³². அது 64-இன் மடங்கு. அப்போது 2^(ந−1)-இன் மீதியும் 1 ஆகத்தான் வேண்டும். காரணிகள் என்ன என்றே பார்க்காமல் இந்த முடிவுக்கு வந்துவிட்டோம், கவனியுங்கள். 2^(2^ம) + 1 என்ற வடிவில் உள்ள எல்லா எண்களும், அதாவது ஃபெர்மா எண்கள் அத்தனையும், 2 என்ற சோதனையில் கட்டாயம் தேறும். இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

சங்கிலி

நன்றி ஐயா. அப்படியென்றால் மில்லர்–ராபின் சோதனைக்கு மாறிவிட்டால் சரியாகிவிடுமா? அது இன்னும் கண்டிப்பானது என்று படித்தேன்.

மீதி_பூச்சியம்

2-ஐ மட்டும் வைத்தால் அதிலும் தேறிவிடும். அந்தச் சோதனையில் 2, 2², 2⁴, 2⁸, 2¹⁶ என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய், நடுவில் −1 வருகிறதா என்று பார்க்கிறோம். இங்கே 2³² வந்ததும் −1. "தேறியது" என்று சொல்லிவிடும். 2, 7, 61 மூன்றையும் வைத்துச் சோதியுங்கள். 4759123141-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இந்த மூன்று போதும் என்று நிறுவியிருக்கிறார்கள். நம் எண் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஃபெர்மா எண்களுக்கென்றே பெப்பான் 1877-இல் ஒரு சோதனை கொடுத்தார், எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். 3-ஐ எடுத்து, ஒவ்வொரு தடவையும் ந-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, 31 தடவை வர்க்கம் எடுக்க வேண்டும். கடைசியில் −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை, இரண்டு பக்கமும் உறுதி. ஃபெர்மாவே 2-க்குப் பதில் 3-ஐ வைத்துத் தன் தேற்றத்தைச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கரிசல்காட்டான்

ஃபெர்மா பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்பதைப் பார்த்துவிட்டு, அடுத்தவையும் அப்படித்தான் என்று 1640-இல் கடிதம் எழுதினார். சரி. ஆனால் அதே 1640-இல் அவர் 2³⁷ − 1 என்ற எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டுபிடித்தவர். அது நம் எண்ணைவிட 32 மடங்கு பெரியது. காரணி எந்த வடிவில் இருக்கும் என்று முதலில் வடிகட்டிவிட்டு, மிஞ்சியதை மட்டும் வகுத்துப் பார்க்கும் வழி அவர் கையில் இருந்தது. அதே வழியை இங்கே பயன்படுத்தியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். என்னால் இதை எளிதில் விட முடியவில்லை.

யாழ்_கணிதம்

கரிசல் அண்ணை, கொஞ்சம் பொறுமையாய்ப் பாருங்கோ. 1640-இல் எழுதினபோதே முழு நிரூபணம் தன்னிடம் இல்லை என்று அவர் சொல்லித்தான் இருக்கிறார். நம்பிக்கையைத்தான் எழுதினார். வகுத்துப் பார்த்து எங்கேயோ ஒரு கூட்டலில் பிழை விட்டிருக்கவும் கூடும். கையால் பத்து இலக்க எண்ணை வகுப்பவர் யாருக்கும் அது நடக்கும்.

ஒரு சொல் விளக்கமும் தேவை. இலங்கைப் பாடப்புத்தகங்களில் நாங்கள் "முதன்மை எண்" என்று படித்தது, நீங்கள் "பகா எண்" என்பது. "பகா" என்ற சொல் எனக்கு அதிகம் பிடிக்கும். பகுபடாதது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இழையில் அதையே எழுதுகிறேன்.

90 வருஷம் இந்தக் கூற்றை ஒருவரும் அசைக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மா சொன்னது தெரியுமா என்று கேட்டார். ஆய்லருக்கு அப்போது வயது 22. 1732-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் 641 என்ற விடையைக் கொடுத்தார். எப்படிக் கிடைத்தது என்ற விளக்கத்தைப் பல வருஷம் கழித்து இன்னொரு கட்டுரையில்தான் எழுதினார்.

சங்கிலி

அந்த வடிகட்டும் வழியை யாராவது விரிவாக எழுதுவீர்களா? நான் 3, 5, 7 என்று வரிசையாக வகுத்தேன், 641 வருவதற்குள் நூறு பகா எண்களுக்கு மேல் தாண்டவேண்டி இருந்தது.

மீதி_பூச்சியம்

எழுதுகிறேன். ப என்பது ந-இன் பகாக் காரணி என்று வைத்துக்கொள்வோம். 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1. 2⁶⁴-க்கு மீதி 1. 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றாக வரும். அந்தச் சுற்றின் நீளம் 64-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும், ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது. அப்படி ஒரே எண்தான் உண்டு, அது 64 தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி ப−1 என்ற அடுக்கிலும் மீதி 1. ஆகவே ப−1 என்பது 64-இன் மடங்கு. ப = 64க + 1.

இப்போது 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதுங்கள். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-ஆல் மீதி 2. 449-ஆல் 325. 577-ஆல் 288. 641-ஆல் பூச்சியம். ஐந்தாவது வகுத்தலில் ஃபெர்மாவின் கூற்று விழுந்துவிட்டது.

லூக்கா 1878-இல் இதை இன்னும் இறுக்கி, ப = 128க + 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் முதலில் 257, அடுத்ததே 641. இரண்டே வகுத்தல்.

கரிசல்காட்டான்

257-ஆல் மீதி 2 என்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அது தற்செயலா?

மீதி_பூச்சியம்

இல்லை. ந−2 = 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. முந்தைய ஃபெர்மா எண்கள் ஐந்தையும் பெருக்கினால் வருவதுதான் அது. ஆகவே அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் நம் எண்ணின் மீதி 2 (3-ஆல் வகுத்தாலும் 2 தான், பாருங்கள்). இந்தக் குடும்பத்தில் எந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பது இதிலிருந்தே வரும். கோல்ட்பாக் இதைக் கவனித்தார். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணுக்கும் அதற்கே உரிய ஒரு பகாக் காரணியாவது இருந்தாக வேண்டும், எண்களோ முடிவில்லாமல் போகின்றன. ஆகவே பகா எண்களும் முடிவில்லாதவை.

வகுப்பறை_10ஆ

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மட்டு எண்கணிதம் நடத்தும்போது பிள்ளைகளுக்குக் காட்ட, 641 இந்த எண்ணை வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் இல்லாமல் காட்ட வழி உண்டா?

யாழ்_கணிதம்

உண்டு மிஸ், அழகான வழி. 641-ஐ இரண்டு விதமாய் எழுதுங்கோ.

641 = 5 × 128 + 1
641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴

இரண்டாவதிலிருந்து 2⁴ = 641 − 5⁴. இரண்டு பக்கத்தையும் 2²⁸-ஆல் பெருக்குங்கோ. 2³² = 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴. அடைப்புக்குள் இருப்பது 640. ஆகவே 2³² = 641-இன் மடங்கு − 640⁴. 640 = 641 − 1 என்பதால் 640⁴-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2³² என்பது 641-இன் மடங்கிலிருந்து 1 குறைந்தது. 1 கூட்டினால் மடங்காகிவிடும். முடிந்தது.

கரும்பலகையில் ஐந்து வரி. பத்து இலக்க எண்ணை எழுதவே தேவையில்லை.

வகுப்பறை_10ஆ

மிக்க நன்றி. நாளைக்கே நடத்துகிறேன். இன்னொரு கேள்வி, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 6700417 பகா எண்தானா? அதை எப்படி உறுதி செய்வது?

மீதி_பூச்சியம்

அதையும் பிள்ளைகளே செய்யலாம். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். ஆகவே அதற்குக் காரணி இருந்தால் 2588-க்குள் ஒன்று இருக்க வேண்டும். அது நம் பெரிய எண்ணுக்கும் காரணி என்பதால் 128க + 1 வடிவில்தான் இருக்கும். அந்த வடிவில் 2588-க்குள் உள்ள பகா எண்கள்: 257, 641, 769, 1153, 1409. அவ்வளவுதான். 257 வராது என்பதை மேலே பார்த்தோம். நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வகுத்தல் கொடுங்கள்.

1812-ஐ ஒட்டி லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட செரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன், எட்டு வயதில் இந்த எண்ணைக் கேட்டதும் மனக்கணக்கிலேயே 641 என்று சொன்னான். அதையும் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அட்டவணைப்பிரியன்

படித்துக்கொண்டே வந்தேன். இந்த எண் எந்தெந்த வகையில் சேரும் என்று தொகுத்தால் உதவும் என்று தோன்றுகிறது. வகுஎண்கள் மொத்தம் நான்கே: 1, 641, 6700417, அப்புறம் அதே எண். இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்பதால் அரைப்பகா எண். எந்த வர்க்கத்தாலும் வகுபடாது. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் 6701059 தான் வருகிறது, எண்ணின் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே குறைவெண். அதோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்களின் எண்ணிக்கை 640 × 6700416 = 4288266240. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, அது ஒரு பகா எண். போலிப் பகா எண் என்பதால் கார்மைக்கேல் எண் என்றும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மீதி_பூச்சியம்

கடைசியை எடுத்துவிடுங்கள். கார்மைக்கேல் எண் என்றால், பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தேற வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று பகாக் காரணிகள் வேண்டும். 561 = 3 × 11 × 17 அப்படிப்பட்டது. நம் எண்ணுக்கு இரண்டே. 3-ஐ வைத்த உடனே விழுந்துவிடும். மற்றவை சரி.

இலக்கக் கூட்டுத்தொகையை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வருவது அது. இரண்டின் அடிப்படையில் எழுதினால் இந்த எண் 1, பிறகு 31 பூச்சியம், பிறகு 1. இலக்கக் கூட்டுத்தொகை வெறும் 2. எண்ணின் உண்மையான முகம் அதுதான் என்பது என் கருத்து.

அட்டவணைப்பிரியன்

ஏற்றுக்கொள்கிறேன். திருத்திவிட்டேன்.

யாழ்_கணிதம்

பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது, எனக்கு இதுதான் இந்த எண்ணின் உச்சம். 4294967297 = 65536² + 1². இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 4-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாய் ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இரண்டாவது விதம் கிடைத்தால் அது பகா எண் அல்ல. இங்கே இரண்டாவது விதம் இருக்கிறது:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இது எங்கேயிருந்து வருகிறது? 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இப்படி இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் மறுபடியும் இரண்டு வர்க்கக் கூட்டலே வரும். இதைப் பிரம்மகுப்தரின் முற்றொருமை என்கிறோம். 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இன்னும் பொதுவான வடிவில் கொடுத்திருக்கிறார்.

25 × 2556 + 4 × 409 = 63900 + 1636 = 65536
25 × 409 − 4 × 2556 = 10225 − 10224 = 1

குறிகளை மாற்றிப் போட்டால்:

63900 − 1636 = 62264
10225 + 10224 = 20449

10225-உம் 10224-உம் பக்கத்துப் பக்கத்து எண்களாய் வந்து அந்த 1-ஐக் கொடுப்பதைக் கையால் போட்டுப் பாருங்கோ. நான் முதல் தடவை போட்டபோது தாளை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

கரிசல்காட்டான்

அருமை. என் கோபம் தணிந்துவிட்டது. ஃபெர்மா தவறாகச் சொல்லாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் யார் தேடியிருப்பார்கள்?

ஒரு சந்தேகம். காஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையலாம் என்று 1796-இல் கண்டார். ஃபெர்மா எண்களோடு அதற்குத் தொடர்பு என்றார்கள். அப்போது 4294967297 பக்கப் பலகோணம்?

மீதி_பூச்சியம்

முடியாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். முடியும் என்ற பக்கத்தைக் காஸ் காட்டினார். மற்றவற்றுக்கு முடியாது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். 641 ஃபெர்மா எண் அல்ல, ஆகவே நம் எண் வெளியே. ஆனால் இரண்டு படி கீழே உள்ள 4294967295 இருக்கிறதே, அது அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கம். அத்தனை பக்கம் கொண்ட பலகோணத்தைக் கொள்கையளவில் வரையலாம்! நமக்குத் தெரிந்தவற்றில் ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட மிகப் பெரியது அதுதான். ஐந்து பகா எண்களைத் தனித்தனியாகவும், சேர்த்துப் பெருக்கியும் எடுத்தால் மொத்தம் 31 வகை. ஆறாவது ஃபெர்மா பகா எண்ணை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

சங்கிலி

நிரலைத் திருத்திவிட்டேன். 2, 7, 61 மூன்றையும் வைத்தேன், இப்போது "பகு எண்" என்று சரியாகச் சொல்கிறது. பெப்பான் சோதனையையும் தனியாக எழுதினேன். 3, 5, 17, 257, 65537 ஐந்தில் 3-க்கு மட்டும் அது பொருந்தாது, மற்ற நான்கும் தேறின. 4294967297 விழுந்தது.

அடுத்ததையும் போட்டேன்: 2⁶⁴ + 1 = 18446744073709551617. காரணி 256க + 1 வடிவில் இருக்க வேண்டும் என்று வைத்து ஒரு சுற்று ஓடவிட்டேன். க = 1071 வந்ததும் நின்றது: 274177. மற்றக் காரணி 67280421310721. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. லாண்ட்ரி 1880-இல் தன் 82-ஆம் வயதில் இதைக் கண்டார் என்று படித்த பிறகு, விடை வந்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய எண்ணுக்கு க = 5. இதற்கு 1071. கையால்!

மீதி_பூச்சியம்

அதற்குமேல் உங்கள் நிரலை நம்ப வேண்டாம். 2¹²⁸ + 1-ஐ 1970-இல்தான் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் உடைத்தார்கள், அதற்கு வேறு வழிமுறையே தேவைப்பட்டது. 2^(2^20) + 1 பகு எண் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் அதன் ஒரு காரணிகூட யார் கையிலும் இல்லை. 2^(2^33) + 1 பகா எண்ணா, பகு எண்ணா என்பதே தெரியாது. எழுதினால் 258 கோடி இலக்கங்களுக்கு மேல் போகும்.

வகுப்பறை_10ஆ

இன்று வகுப்பு முடிந்தது. 6700417-ஐ நான்கு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். 641 குழுவுக்கு மீதி 44, 769-க்கு 120, 1153-க்கு 334. 1409 குழு முதலில் பூச்சியம் என்று சொல்லிவிட்டது, வகுப்பே எழுந்து நின்றது. மறுபடி போட்டார்கள், ஒரு கழித்தலில் கடன் வாங்க மறந்திருக்கிறார்கள். மீதி 622.

257-ஐ ஏன் விட்டீர்கள் டீச்சர், நாங்களே போட்டுப் பார்க்கிறோம் என்று கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஆனாலும் போட்டாள். மீதி 170.